தட்டோடு நின்ற பெண்

ரேவதி டிக்கெட்டோடு வந்து நின்றபோதே சொன்னேன். “எனக்கு எதுக்கும்மா துப்பறியும் நாடகம்? முப்பத்தேழு வருசம் அதைத்தானே காக்கி போட்டுக்கிட்டுப் பாத்தேன்?”

“அதுக்குத்தான் மேடம். நீங்க எந்த எடத்துல கண்டுபிடிக்கிறீகன்னு பாக்கணும்” என்றாள்.

ரேவதி இப்போது மகளிர் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிளாக வந்த புதிதில் என்னிடம்தான் வேலை பழகினாள். நான் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அமராவதிபுதூர் வீட்டில் இரண்டு கோழிகளையும் ஒரு முருங்கை மரத்தையும் மேய்த்துக்கொண்டிருக்கிறேன். கோழிகள் கூட என் அதட்டலுக்குப் பயப்படுவதில்லை. சரி, போவோம் என்று கிளம்பினேன்.

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாலை நான்கு மணிக்குக் காட்சி. எங்கள் அப்பா காலத்திலிருந்து ஊர் ஊராக மேடையேறுகிற பழைய நாடகமாம். தொடங்கும் முன் ஒருவர் வந்து, திருடியது யார் என்று வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பயப்பட வேண்டாம், நான் சொல்லமாட்டேன். வாயைக் கட்டித்தான் சம்பளம் வாங்கினேன்.

மலை மேல் ஒரு பங்களா, வெளியே அடைமழை, ஜமீன்தார் மனைவியின் நெக்லஸ் காணவில்லை. குடையும் கையுமாக ஒரு துப்பறிவாளர் வருகிறார். வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் கூடத்தில் கூட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். அரங்கில் இருமல் சத்தம் கூட இல்லை. சட்டென்று திரும்பி, காப்பித் தட்டோடு நின்ற வேலைக்காரப் பெண்ணை நோக்கிக் குடையை நீட்டுகிறார். “நீதான்!”

நான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தேன்.

அது துப்பறிவாளரின் தந்திரம்தான். அந்தப் பெண்ணைச் சொன்னதும் உண்மையான ஆள் அசந்துபோய் உளறிவிட, கால் மணி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் தட்டவில்லை. அந்தப் பெண் தட்டைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். அவளைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜமீன்தார் அந்தத் தட்டிலிருந்தே காப்பியை எடுத்துக் குடித்தார். திரை விழுந்துவிட்டது.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறியதும் ரேவதி பிடித்துக்கொண்டாள். “எப்ப கண்டுபிடிச்சீக மேடம்? உண்மையச் சொல்லணும்.”

“கண்டுபிடிக்கலை. நான் அந்தப் பிள்ளையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“அது சும்மா மேடம், தட்டு தூக்கிட்டு வர்ற பாத்திரம். நம்மகிட்ட இப்ப அப்படியெல்லாம் நடக்காது. வீட்டைச் சோதனை போட்டாலே செல்போன்ல படம் புடிக்கச் சொல்லிட்டாகல்ல?”

“படம் எல்லாத்தையும் புடிக்குமாடி?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவள் ஸ்கூட்டரை டீக்கடையோரம் நிறுத்தினாள். “என்ன மேடம் ஆச்சு?” என்றாள். அங்கே நின்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மகளிர் காவல் நிலையங்கள் வருவதற்கு முந்திய காலம். ஒரு நிலையத்துக்கு ஒரு பெண் காவலர் இருந்தால் அதிகம். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. பெண்களைச் சோதனை போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்த பயிற்சியாளர் அம்மா மட்டும் மனதில் நிற்கிறார். “கை வேலை செய்யும்போது வாய் வேலை செய்யக் கூடாது. அவுகளையும் பேச விடாதே. பேச்சுல கவனம் போச்சுன்னா கை ஏமாந்துரும்” என்பார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

முதல் போஸ்டிங்கில் எனக்கு வாய்த்த இன்ஸ்பெக்டர் ஐயா வடக்கு மாவட்டத்துக்காரர். யார் மீதும் கை வைக்கமாட்டார், கெட்ட வார்த்தை வாயில் வராது. கஞ்சி போட்ட காக்கி, வாரம் ஒரு தரம் கத்தரித்த மீசை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். காலேஜில் நாடகம் போட்டவராம். துப்பறியும் நாடகம் என்றால் உயிர். ரோந்து போகும்போது ஜீப்பில் உட்கார்ந்து வசனம் சொல்லிக் காட்டுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். “கூட்டி வச்சு முகத்தைப் பாரும்மா. முகம் பொய் சொல்லாது” என்பார். அவர் அடிக்காமலே கண்டுபிடிப்பவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் மேல் அவ்வளவு மரியாதை.

கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம். மறுநாள் காலையில் வீட்டு ஆச்சியின் வைரத்தோடு காணோம் என்று ஆள் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தோட்டைக் கழற்றித் துணியில் முடிந்து, குளியலறைப் பக்கத்து மாடத்தில் வைத்தாராம். குளித்துவிட்டு வந்தால் மாடம் காலி.

ஐயா போனார், நானும் போனேன். ஊருக்குப் போனவர்கள் போக நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வீட்டின் நடுவே வெயில் இறங்கும் முற்றம், அதைச் சுற்றித் தூண்கள். ஐயா அத்தனை பேரையும் தூண்களைச் சுற்றி உட்கார வைத்தார். வேலைக்கு வந்தவர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். ஐயா காப்பி வாங்கிக் குடித்தார். முற்றத்தை இரண்டு தரம் சுற்றி வந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவ வந்திருந்த ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

“நீ ஏம்மா தரையப் பாக்குற?”

அந்தப் பெண்ணின் பெயர் பஞ்சவர்ணம். பக்கத்துக் கிராமம். முப்பது வயதிருக்கும், புருசன் இல்லை. குளியலறைப் பக்கம் காலையில் கூட்டிப் பெருக்கியது அவர்தான். நாற்பது பேர் முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து நின்றால் தரையைப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, ஐயா கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

“பிலோமினா, கூட்டிட்டுப் போய்ச் சோதனை போடு” என்றார்.

பின்கட்டில் பித்தளை அண்டாக்கள் அடுக்கிய ஒரு அறை. சாட்சிக்கு வீட்டுப் பெண்கள் இருவர் வந்தார்கள். கதவைச் சாத்தினேன். முறைப்படி முதலில் என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். நாமே எதையும் கொண்டுவந்து வைத்துவிடவில்லை என்று எதிரில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். அப்புறம் கொண்டையை அவிழ்த்து, மயிர்க்காலில் விரலை விட்டுப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், கழுத்து, ரவிக்கை ஓரத்து மடிப்பு. முந்தி முடிச்சில் ஒரு பாக்குத் துண்டும் ஒரு தலைவலி மாத்திரையும் இருந்தன. கொசுவத்தை மடிப்பு மடிப்பாக உதறினேன். பாவாடை நாடா, விளிம்புத் தையல் முழுவதும் விரலால் நெருடிக்கொண்டே போனேன். கடைசியாக இரண்டு பாதத்தையும் தூக்கிக் காட்டச் சொன்னேன்.

நடுவில் அவர் பேசினார். “அம்மா, அந்த மாடத்துல காலையில ஒரு கொட்டான் இருந்துச்சு. கூட்டும்போது பாத்தேன். இப்பக் கொட்டானையும் காணோம், யாருமே அதக் கேக்க மாட்றாகளே…”

“பேசாதீங்க. கையத் தூக்குங்க” என்றேன்.

கொட்டான் என்பது ஓலையில் பின்னிய சின்னக் கூடை. எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டிலிருந்து புறப்படும் விருந்தாளிக்கு அடியில் பாக்குப் பொட்டலமும் மேலே பலகாரமுமாக ஒரு கொட்டான் கொடுத்து அனுப்பாமல் இருக்கமாட்டார்கள். அன்று காலை அந்த வீட்டிலிருந்து அப்படி எத்தனை போயிருக்கும்! ஐயா வடக்கு மாவட்டத்துக்காரர், அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர்களுக்குக் கொட்டான் கண்ணில் படவே படாது, நமக்குக் காகிதப் பை மாதிரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கொட்டானில் சோளப்பொரி தின்று வளர்ந்தவள். என்ன புண்ணியம்? கையத் தூக்குங்க என்றேன்.

எதுவும் அகப்படவில்லை. அவிழ்ந்த தலையோடு அவரை வெளியே அனுப்ப மனசு வரவில்லை. கொண்டையை நானே முடிந்துவிட்டேன். சோதனை விவரத்தை மகஜராக எழுதி, கைநாட்டு வைக்க மையை நீட்டினேன். பெருவிரலை மையில் வைத்தபடி அவர் கேட்டார்.

“நீங்களாச்சும் என்னைய நம்புறீகளா?”

“இங்க வைங்க” என்று நான் காகிதத்தைக் காட்டினேன்.

கதவைத் திறந்தால் நாற்பது முகமும் எங்களைப் பார்த்தன. நான் ஐயாவின் காதோரம் போய், “ஒண்ணும் இல்லைங்கய்யா” என்றேன். அவர் தலையாட்டினார். ஒன்றும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் சாட்சிகளுக்கும்தான் தெரியும். மற்றவர்கள், எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். ஐயா அவரை ஜீப்பில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோய், மாலை வரை பெஞ்சில் உட்கார வைத்து, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

டூட்டி முடிந்து நான் டவுன் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அம்மா மடியில் கொட்டானை வைத்து, மேலே கைக்குட்டையைப் போட்டுப் பொத்திக்கொண்டு வந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். பஞ்சவர்ணம் சொன்ன கொட்டான் நினைவுக்கு வந்தது. ஆச்சி தோட்டைக் கொட்டானில்தான் போட்டு மாடத்தில் வைத்திருக்க வேண்டும். யாரோ அதை அவசரத்துக்கு எடுத்துப் பலகாரம் நிரப்பியிருக்க வேண்டும். உடனே இறங்கி நிலையத்துக்கு ஓடியிருக்கலாம். ஐயா கண்டுபிடித்ததை ஒரு கான்ஸ்டபிள் போய் இல்லை என்பதா என்று பயந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு ராத்திரியைப் பஞ்சவர்ணம் எப்படிக் கழித்தாரோ!

காலையில் ஐயாவிடம் சொன்னேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு அந்த வீட்டுக்கே போய், கொட்டான் வாங்கிப்போன ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடச் சொன்னார். சாயங்காலம் மதுரையிலிருந்து பதில் வந்தது. தேன்குழலுக்கு அடியில், பாக்குப் பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு துணி முடிச்சு இருக்கிறதாம். ஆச்சியின் மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கைக்கு அகப்பட்ட கொட்டானை எடுத்து நிரப்பியவள் அவள்தான். உள்ளே இருந்ததைப் பாக்கு என்று நினைத்துவிட்டாள்.

புகார் வாபஸ் ஆனது. நான் ஐயாவிடம் போய் நின்றேன்.

“ஐயா, அந்தம்மாகிட்ட… அந்த எல்லாரையும் இன்னொருக்காக் கூட்டி…”

“எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்கம்மா. கேஸ் முடிஞ்சிருச்சு” என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நல்ல மனிதர் அவர். மாற்றலாகிப் போன அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தப் பாத்திரம் கழுவுற அம்மா எங்க இருக்கு, தெரியுமா?” என்று கேட்டார். பஞ்சவர்ணம் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். எங்கே என்று நான் விசாரித்திருக்கவில்லை. தெரியாது ஐயா என்றேன். ‘சரி’ என்று ஜீப்பில் ஏறினார். இப்போது அவரும் இல்லை.

அதற்கப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாரைச் சோதனை போட்டு ஒன்றும் கிடைக்காவிட்டாலும், கதவைத் திறந்து, வெளியே யார் யார் நிற்கிறார்களோ அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி உரக்கச் சொல்லுவேன். “நாந்தான் சோதனை போட்டேன். இவுக மேல எதுவும் இல்லை.” எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. பஸ் ஸ்டாண்டில், நகைக்கடையில், கோயில் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ரேவதியும் கூட்டாளிகளும் என் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? சிரிக்கட்டும். எவர் பொருட்டு அந்தப் பழக்கம் வந்ததோ அவருக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சொன்னேன். சாமியார், கடமையைச் செய்ததில் பாவம் இல்லையம்மா என்றார். எனக்கு ஆறவில்லை. நான் தப்புச் செய்தது சாமியாருக்கு இல்லையே.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தேர் பந்தோபஸ்தில், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தெரு ஒன்றில் அவரைப் பார்த்தேன். பணியாரக் கடை போட்டிருந்தார். மின்கம்பம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

ரேவதி டீ ஆறிப்போகும் வரை கேட்டுவிட்டு, “நாளைக்கும் ஒரு ஷோ இருக்கு மேடம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேரே அந்தத் தெருவுக்குப் போனேன். பஞ்சவர்ணம் அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. எண்ணெய்ச் சட்டியில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் பிலோமினா. கண்டரமாணிக்கத்துல…”

“தெரியும்” என்றார், நிமிராமலே. “தேருக்கு வந்தப்ப அந்தக் கம்பம் வரைக்கும் வந்துட்டு ஓடிப் போனீகளே. அன்னைக்கே பாத்தேன். இங்குட்டு உக்காருங்க. தொவையல் காரமா இருக்கும், பாத்து.”

தட்டில் நாலு வெள்ளைப் பணியாரம் வந்தது. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன். தோடு கிடைத்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“கறிவேப்பிலைக்காரி சொல்லித்தான் தெரியும். போலீசும் வந்து சொல்லலை, அந்த வீட்டாளுகளும் வந்து சொல்லலை. ஆச்சி ஒரு சேலை குடுத்து விட்டாக. சொல்லு வரலை, சேலை வந்துச்சு. எனக்கு எதுக்கு அந்தச் சேலை? திருப்பி அனுப்பிட்டேன். ஊருல ரெண்டு பேரு பேசுனா இருந்துறலாம். ஊரே பேசுனா என்ன பண்றது? கிளம்பிட்டேன்.” ஒரு பணியாரத்தைத் திருப்பிப் போட்டார். “நான் ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்குக்கா.”

“இப்பச் சொல்லுங்க.”

நம்பினேன் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. “நம்பலைக்கா. அன்னைக்கு நானும் நம்பலை. மறுநாள்தான் நம்புனேன்” என்றேன். அழுதுவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் நடுத்தெருவில் தட்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் என்னையே பார்த்தார். “பொய் சொல்லிருந்தீகன்னா இந்தக் கரண்டியாலயே ஒரு சாத்து சாத்திருப்பேன்” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “கொண்டை முடிஞ்சு விட்டீகல்ல, அப்ப உங்க கை நடுங்குச்சு. நம்மளவிட இந்தப் பிள்ளைதான் பயந்துபோயிருக்குன்னு நினைச்சேன். பாவமா இருந்துச்சு. சாப்பிடுங்க, ஆறுது.”

நாடகத்துக்குக் கூப்பிட்டேன். “கோயில் திருவிழாவுல சாமி நாடகம் பாத்திருக்கேன். திருட்டு நாடகம் பாத்ததில்லை” என்று சிரித்துக்கொண்டே நல்ல சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

ரேவதியோடு மூவரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். மழை பெய்தது, குடை வந்தது, கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். துப்பறிவாளர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே போனது. குடை நீண்டது. “நீதான்!”

“அவ எடுக்கலய்யா!” என்றார் பஞ்சவர்ணம் அக்கா. அத்தனை பேருக்கும் கேட்டது.

தலைகள் திரும்பின. மேடையில் அந்தப் பெண் கையிலிருந்த தட்டு லேசாகக் குலுங்கியது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, “பேசாதீங்கம்மா!” என்று அதட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து எழுந்ததில்லை, கால் தானாக எழுந்தது.

“பேசட்டும் சார்” என்றேன். பஸ் ஸ்டாண்டிலும் கோயிலிலும் பழகிய அதே குரல், அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. “நாந்தான் சோதனை போட்டேன். இவுக மேல எதுவும் இல்லை.”

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ரேவதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். நாடகம் முடியும் வரை அக்கா என் கையை விடவில்லை.